காஞ்சிபுரத்தில் நின்றுவிட்ட படை

இரண்டு ஷிப்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோதண்டராமன் ஒரகடத்தில் தன் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியபோது, கூடத்தில் போர்க்களம் தயாராக இருந்தது. தயார் செய்தவன் அவனேதான், வெள்ளிக்கிழமையே. அவன் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு மெஷின் வந்த பெட்டியின் பலகைகளை இரண்டு பெஞ்சுகள் மேல் போட்டு, பச்சைச் சாயம் தோய்த்த சாக்கை விரித்து, சவுக்குக் குச்சிகளைத் தோப்பு தோப்பாக நட்டு வைத்திருந்தான். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. அவன் மனைவி அம்சவல்லி இரண்டு நாளாகத் தட்டை மடியில் வைத்துச் சமையல்கட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலமே அவன் வீடு வந்திருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டுக்கு அவனை மாற்ற வேண்டிய நரசிம்மன் வரவில்லை. சூப்பர்வைசர் வந்து, "இன்னாபா, இன்னிக்கு ஒரு நாள் பாத்துடேன்" என்றார். முடியாது என்று சொல்ல இருபத்தைந்து வருஷமாகக் கோதண்டராமனுக்கு வாய் வந்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை.

"ரெண்டு மணி நேரமாச்சும் படுங்க. அவங்க பத்து மணிக்குத்தான வர்றாங்க" என்றாள் அம்சவல்லி.

"படுத்தா அப்பால எய்ந்துக்க மாட்டேன். காப்பி குடு."

இந்த ஆட்டத்தைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. நாலு பேரும் பைத்தியம் என்பது ஒன்று. கோதண்டராமன் மட்டும்தான் பைத்தியம், மற்ற மூன்று பேரும் அம்சவல்லியின் எலுமிச்சம் சாதத்துக்காக வருகிறார்கள் என்பது இன்னொன்று. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, வளர்ந்த ஆண்கள் நாலு பேர் விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு, எப்போதோ முடிந்துபோன சண்டைகளை மறுபடி போட்டுப் பார்த்தால் ஊர் வேறு என்ன சொல்லும்? சிப்பாய்களை வார்த்தவனும் கோதண்டராமன்தான். டூல் ரூமில் தேய்ந்துபோன பேரிங்குகளிலிருந்து ஈயத்தை உருக்கி, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் மீசை வரைந்து முடிப்பதற்குள் அவனுக்குக் கண்ணாடி போடும்படி ஆகிவிட்டது.

செப்டம்பர் மாதம் மட்டும் ஒரே சண்டைதான், புள்ளலூர். ஆயிரத்து எழுநூற்று எண்பதில், செப்டம்பர் பத்தாம் தேதி, கும்பெனியின் பெய்லி படையை ஹைதர் அலியின் படை காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் சுற்றி வளைத்து முடித்தது. பெய்லிக்கு உதவியாக வரவேண்டிய மன்றோ, பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தான். நேரத்துக்கு வந்து சேரவில்லை. "இவர் பட்டணத்துல குதிரை மேல சிலையா நிக்கிற மன்றோ இல்லை, வேற ஆள்" என்று ஒவ்வொரு வருஷமும் ஆட்டம் தொடங்குமுன் நடேசன் சார் சொல்வார். அவர் ஸ்ரீபெரும்புதூர் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். ஆட்டத்துக்கு நடுவரும் அவர்தான். சைக்கிள் கடை அப்பாவு ஹைதர் பக்கம். தாவீது, பெய்லி. வீட்டுக்காரன் என்பதால் யாரும் எடுக்காத மன்றோ கோதண்டராமன் தலையில் விழுந்தது.

மன்றோவுக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டில் உத்தரவு எழுத வேண்டும், 'புறப்படு' அல்லது 'காத்திரு'. எழுதி மடித்துப் பவுடர் டப்பாவில் போட்ட பிறகு தாயக்கட்டையை உருட்ட வேண்டும். தாயம் விழுந்து, சீட்டிலும் 'புறப்படு' என்று இருந்தால் படை கிளம்பலாம். 'புறப்படு' என்று எழுதித் தாயம் விழாவிட்டால் ஒரு பீரங்கி சேற்றில் போய்விடும். கோதண்டராமன் சுபாவத்தில் ஜாக்கிரதைக்காரன். ஐந்து வருஷமாக எல்லாச் சீட்டிலும் 'காத்திரு' என்றே எழுதிக்கொண்டு வந்தான். தாயம் விழுந்த வருஷங்களும் உண்டு. விழுந்தும் படை நின்ற இடத்தில் நின்றது. பெய்லி ஐந்து வருஷமும் அழிந்தான்.

தாவீது வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரன். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்துவிட்டு வந்து, அதே பம்ப் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தான். அவன் ஏன் எப்போதும் தோற்கிற பக்கமே கேட்டு வாங்குகிறான் என்று அப்பாவு ஒரு தரம் கிண்டல் செய்தபோது, "அதுல முக்காவாசிப் பேரு நம்ம ஆளுங்கபா. வெள்ளைக்காரனுக்காக நின்னுகினு செத்தானுங்க" என்று மட்டும் சொன்னான். மீதியைக் கோதண்டராமனிடம் தனியாகச் சொல்லியிருந்தான். அறுபத்திரண்டில், சீனச் சண்டையின்போது, ஒரு மலை முகட்டில் இருபத்திரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். பின்னால் முகாமில் இருந்த அதிகாரியை வயர்லெஸ்ஸில் ஆள் அனுப்பச் சொல்லி ஒரு பகல் முழுக்கத் தாவீது கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், 'வெயிட்'. கீழே இறங்கி வந்தவர்கள் ஐந்து பேர். அந்த அதிகாரியைத் தாவீது திட்டாத நாள் கிடையாது. சாப்பிடும்போது திட்டுவான், கேட்டைப் பூட்டும்போது திட்டுவான். ஜெபம் முடித்து ஆமென் சொன்ன கையோடு திட்டுவான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை தாவீது கோலாரில் இருக்கும் மகளிடம் போகிறான், ஒரேயடியாக. ஆகஸ்டிலேயே வந்து சொல்லிவிட்டு, போகும்போது கேட்டான்.

"கோதண்டம், இந்த வருசமாச்சும் ஒரு தபா வாயேன்."

"எல்லாச் சீட்டுலயும் பொறப்புடுன்னே எய்தறேன். பீரங்கி போனா போவட்டும். தாயம் வுய்ந்தா நான் அங்க இருப்பேன்" என்று கோதண்டராமன் சொன்னான். மனசாரத்தான் சொன்னான்.

பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அன்றைக்குத் தேதியும் பத்து என்று நடேசன் சார் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். அப்பாவு துடைப்பக் குச்சியில் செய்த ஹைதர் படை ராக்கெட்டுகளை வரிசையாக அடுக்கினான். தாவீது தன் நாற்பது சிப்பாய்களையும் சதுரமாக நிறுத்தி, நடுவில் வெடிமருந்து வண்டிகளாக இரண்டு தீப்பெட்டிகளை வைத்தான். மேசையின் மறு கோடியில், காஞ்சிபுரம் என்று எழுதிய அட்டைக்குப் பக்கத்தில், மன்றோவின் படை மூடிய பிஸ்கட் டின்னில் இருந்தது. கோதண்டராமன் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான்.

முதல் சுற்றில் 'புறப்படு' என்று எழுதினான். மூன்று விழுந்தது. ஒரு பீரங்கி போயிற்று. இரண்டாவது சுற்றில் 'புறப்படு', ஐந்து. மூன்றாவதிலும் அப்படியே. ஒவ்வொரு சுற்றும் முக்கால் மணி நேரம் பிடித்தது. நடேசன் சார் ஸ்கேலால் அளக்காமல் ஒரு சிப்பாயையும் நகர விடமாட்டார். அளந்ததைச் சந்தேகப்பட்டு மறுபடியும் அளப்பார். நடுவில் எலுமிச்சம் சாதம் வந்தது. அதைச் சாப்பிட்டதுதான் தப்பு. வயிறு நிறைந்ததும் கோதண்டராமனின் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் ஆயிற்று. பின்கழுத்தில் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்பு இரண்டாகத் தெரிந்தது. தாவீதின் சதுரத்தில் பதினெட்டுப் பேர் மிச்சம்.

நாலாவது சுற்றுதான் கடைசி வாய்ப்பு. இதில் கிளம்பினால் ஆறாவதில் போய்ச் சேரலாம். அதற்கப்புறம் கிளம்பினால் பிணத்தை எண்ணத்தான் ஆகும். இது நாலு பேருக்கும் தெரியும்.

"சீட்டு" என்றார் நடேசன் சார்.

கோதண்டராமன் எழுதினான், மடித்தான், டப்பாவில் போட்டான். பேனாவைக் கையில் எடுத்தது அவனுக்கு அப்புறமும் ஞாபகம் இருந்தது. டப்பா மூடியின் சில்லிப்பு ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

கட்டையை உருட்டினான். ஒன்று மொட்டையாக நின்றது. மற்றொன்று பெஞ்சின் விளிம்பு வரை ஓடி, ஒற்றைப் புள்ளியைக் காட்டி நின்றது.

"தாயம்பா" என்றான் அப்பாவு. எதிரி என்பதையே மறந்து தாவீதின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். சமையல்கட்டிலிருந்து அம்சவல்லிகூட எட்டிப் பார்த்தாள். தாவீது எழுந்து மேசையைச் சுற்றி வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தான். ஐந்து வருஷமாகச் சாக்கைத் தொடாத சிப்பாய்கள், ஒருவனுக்கும் பெயிண்ட் உரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காஞ்சிபுரத்துச் சாலையில் நிறுத்தத் தொடங்கினான். ஆறு பேரை நிறுத்திவிட்டான்.

நடேசன் சார் சீட்டைப் பிரித்தார். சத்தமாகப் படிப்பது நடுவர் வேலை. அவர் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"படிங்க சார்" என்றான் தாவீது.

"காத்திரு" என்று படித்தார்.

கோதண்டராமன் பாய்ந்து சீட்டை வாங்கிப் பார்த்தான். அவன் கையெழுத்துதான். ஐந்து வருஷமாக எழுதிப் பழகிய கை, தலை தூங்கிய நேரத்தில் தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. தாவீதின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இது செல்லாது. தூக்கக் கலக்கத்துல எழுதினது" என்றார் நடேசன் சார். விதி விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லபா. வரட்டும்" என்றான் அப்பாவு.

தாவீது ஆறு சிப்பாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் திரும்ப வைத்தான். "எய்தினது எய்தினதுதான். அந்த ரூல் போட்டதே கோதண்டம்தான்" என்றான். பிறகு, "அந்தச் சீட்டை இப்டிக் குடு" என்று கை நீட்டி வாங்கினான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மிச்ச ஆட்டத்தையும் ஆடினார்கள். ஆடாமல் எழுந்திருக்க யாருக்கும் துணிவில்லை. அப்பாவு மனசில்லாமல் ராக்கெட் விட்டான். தீப்பெட்டிகள் இரண்டும் போயின. ஏழாவது சுற்றில் மேசையில் தாவீதின் ஆள் ஒருவனும் இல்லை. தோற்றவன்தான் சிப்பாய்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும் என்பது வழக்கம். தாவீது நாற்பது பேரையும் துணியில் துடைத்து அடுக்கினான். அம்சவல்லி ஒரு பொட்டலத்தில் ஊறுகாய் கட்டிக் கொடுத்து, "கோலார்ல போய் எங்கள மறந்துடாதீங்கண்ணே" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை கோதண்டராமன் கூட வந்தான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் பஸ் இன்னும் வரவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் புளியமரத்தடியில் நின்றார்கள்.

"அசந்துட்டேன் தாவீது. சொல்லிட்டு அசந்துட்டேன்."

"தெரியுது." தாவீது சீட்டை வெளியே எடுத்துப் பிரித்தான். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கோணலாகக் காகிதத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. "இந்தக் கோடு எப்டிப் போவுது பாரு. வேணும்னு எய்தினவன் கோடு இப்டிப் போவாது."

கோதண்டராமன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான்.

"பதினாறு வருசமா அந்த ஆபீசரு வேணும்னேதான் வுட்டுட்டான்னு நெனச்சுகினு இருந்தேன். எங்க உசுரு அவனுக்கு ஒரு பொருட்டா இல்லன்னு. அவனும் ரெண்டு மூணு நாளா கண்ணு மூடாம குந்திகினு இருந்திருப்பான். யாரோ வந்து கேட்டுகினே இருந்தா, வாயில வந்ததைச் சொல்லியிருப்பான். இன்னா சொன்னோம்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்டி இருந்தா நல்லதுதான?"

"இன்னா நல்லது? வேணும்னு செஞ்சான்னா ஒரு கணக்குல சேத்தி. பதினேழு பேரு போனது ஒருத்தன் அசந்துபோனதுக்கா?" தாவீதின் குரல் உயரவில்லை. சீட்டை நாலாக மடித்தான். "தெனம் அவனைத் திட்டித்தான் படுப்பேன். அதை நீ எடுத்துட்ட. இனிமே யாரைத் திட்றது, சொல்லு."

"என்னைத் திட்டு."

தாவீது அவனைப் பார்த்தான். சிவந்த கண், ஷிப்டு எண்ணெய் போகாத நகம், மாற்றாத காக்கிச் சட்டை.

"உன்னை இன்னான்னு திட்றது" என்றான்.

பஸ் வந்தது. தாவீது ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, ஊறுகாய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டான். கையை அசைக்கவில்லை. சீட்டையும் திருப்பித் தரவில்லை.

கோதண்டராமன் வீடு திரும்பியபோது அம்சவல்லி பலகைகளைச் சுவரில் சாய்த்து, கூடத்தைப் பெருக்கி, பாய் விரித்து வைத்திருந்தாள். காலையிலிருந்து தூக்கம் தூக்கம் என்று கெஞ்சிக்கொண்டிருந்த உடம்பு, படுத்ததும் வேண்டாம் என்றது. விளக்கு வைக்கும் நேரம் வந்தும் கண்ணைத் திறந்தபடி கிடந்தான்.

"இன்னும் தூங்கலையா?" என்றாள் அம்சவல்லி.

"இல்ல."

அவன் வலது கை விரல் பாயின் மேல் எதையோ எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன எழுதுகிறது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.