வெளியே போன அழைப்புகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

போன வாரம் முதலாளியிடம் கொடுத்த அட்டவணையில் தவறு செய்திருக்கிறேன். உள்ளே வந்த தொலைபேசி அழைப்புகளை மட்டும் எண்ணினேன். வெளியே போனவற்றை எண்ணவில்லை.

வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவாகும். எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். அறுபத்தொரு கட்டடங்கள், மூன்று மெக்கானிக்குகள். லிஃப்ட் நின்றுபோனால் கட்டடத்துக்காரர்கள் போன் செய்வார்கள். போன் மேசையில் இருக்கும் என் சித்தி எடுத்துப் பேசி ஆளை அனுப்புவார். பதினோரு வருடமாக அதுதான் அவர் வேலை. எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

இந்த வருடம் ஒவ்வொரு லிஃப்ட்டிலும் சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினோம். கோளாறு வந்தால் பெட்டியே மெக்கானிக்குகளின் கைப்பேசிக்கும் சித்தியின் திரைக்கும் செய்தி அனுப்பிவிடும். மாலை வகுப்பில் நான் நெட்வொர்க் படிப்பதால், பெட்டி வருவதற்கு முன் ஆறு வாரம், வந்த பின் ஆறு வாரம் என்று அழைப்புகளை எண்ணித் தரும்படி முதலாளி என்னிடம் சொன்னார். முன்பு 412. இப்போது 97. கட்டம் போட்டு, வண்ணம்கூடத் தீட்டிக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து போன் மேசை வேண்டாம், பதிவு செய்த குரலே போதும் என்று முடிவெடுத்தார். சித்திக்கு வேலை இல்லை.

இன்று வகுப்பில் ஓர் இணைப்பில் போய்வரும் தரவை அளப்பது எப்படி என்று பாடம். ஆசிரியர் பலகையில் இரண்டு அம்புகள் வரைந்தார், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒன்றை மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும் என்றார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் நோட்டின் ஓரத்தில் 412, 97 என்று எழுதிப் பார்த்தேன். இரண்டுமே உள்ளே வந்தவை.

செப்டம்பர் 10, புதன்

காலையில் வந்ததும் தொலைபேசிப் பதிவைத் திறந்தேன். வெளியே போனவை முன்பு 58, இப்போது 291. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை எண்ணினேன். அதே 291.

சித்தியின் மேசை உதிரிபாக அறைக்கு வெளியே, கிரீஸ் வாடை அடிக்கும் இடத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் காவலாளிகளின் எண்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் செருகியிருக்கிறார். அட்டவணை கொடுத்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வீட்டில் அம்மா மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். தங்கைக்குப் பரிந்து பேசினால் நான் முகத்தைத் தூக்குகிறேன், எனக்குப் பேசினால் சித்தி சாப்பிட வருவதில்லை.

இந்த 291 அழைப்பும் யாருக்கு என்று கேட்டேன். சித்தி திரையை விட்டுத் திரும்பவில்லை.

"என்னை எண்ணினியே, என்னைக் கேட்டியா?"

இப்போதாவது கேட்கிறேன் என்றேன். அவர் சொல்லவில்லை. பக்கத்தில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்த மெக்கானிக், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுபவர், அவர்தான் சொன்னார்.

கதவு மூடவில்லை என்று பெட்டி செய்தி அனுப்பும். ஏன் மூடவில்லை என்று அதற்குத் தெரியாது. யாராவது வீடு மாற்றும்போது கட்டில் காலைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்திருப்பார்கள். சித்தி காவலாளிக்குப் போன் போட்டு, விசாரித்து, எடுக்கச் சொல்லிவிடுவார். அதனால் மெக்கானிக்குகள் செய்தி வந்த உடனே கிளம்புவதில்லை. சித்தி 'போ' என்று சொல்லும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். யாரும் போட்ட விதியல்ல, தானாக வந்த பழக்கம். முதலாளியின் திரையில் 'முடிந்தது' என்று மட்டும் தெரியும். ஆள் போய்ச் சரிசெய்தார் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, அப்போ டீ குடிச்சுட்டா இருந்தீங்கன்னு கேப்பாரு," என்றார் நெட்டை.

அதன் பிறகு எனக்கே என் மேல் சந்தேகம். மேசையில் இருப்பது வேறு யாராவது என்றால் இவ்வளவு தோண்டியிருப்பேனா? அதனால் எனக்குச் சாதகமானதைப் பொறுக்கி எடுக்காமல், வரிசையில் ஏழுக்கு ஒன்று என்று எடுத்தேன். நாற்பத்தொரு அழைப்புகள். மெக்கானிக்குகள் போய்வந்ததைக் குறித்த தாள்களோடு ஒத்துப் பார்த்ததில், இருபத்தொன்பதுக்கு யாருமே போக வேண்டியிருக்கவில்லை.

தாளைச் சித்தியிடம் காட்டினேன். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னாங்க. வாயே இல்லாத பெட்டி பிழைச்சுடுச்சு," என்றார். எனக்காகப் பேசப் போய் உன் வேலைக்கும் உலை வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார். எட்டு நாளில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நாலு மணிக்கு முதலாளி அறைக்குப் போனேன். தவறு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பழைய அட்டவணையையும் புதிய தாளையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"அன்னைக்குத் தப்பா எண்ணினியா, இல்ல இன்னைக்கு உங்க சித்திக்காக எண்ணுறியா?"

காலையிலிருந்து நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்பதால் கோபம் வரவில்லை. என் எண்ணிக்கையை நம்ப வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள் சித்தி யாருக்கும் போன் செய்யாமல் இருக்கட்டும், செய்தி வந்ததும் மெக்கானிக்குகள் கிளம்பட்டும், பார்த்துவிடலாம் என்றேன். சரி என்றார். டீ விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 12, வெள்ளி

நெட்டை என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார். சித்தி போன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் எட்டு செய்திகள், எட்டுப் பயணங்கள். ஆறு இடத்தில் பழுதே இல்லை. ஓரிடத்தில் சோபா, ஓரிடத்தில் தரை துடைக்கும் வாளி. என் கணக்கு சரிதான் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு பத்துக்கு வந்தது உண்மையான பழுது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர் தனியாக. மூன்று மெக்கானிக்குகளும் ஊரின் மறுபக்கத்தில், ஒன்றுமில்லாத இடங்களில் இருந்தார்கள். இருபது நிமிடத்தில் ஆள் வர வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நெட்டை போய்ச் சேர முப்பத்தெட்டு நிமிடமானது.

சித்தி யாரையும் கேட்கவில்லை. துணியை எடுத்து எறிந்துவிட்டு லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போனுக்கு அடித்தார். உட்காருங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொள்ளுங்கள் என்றார். பையில் என்ன, எத்தனை பிள்ளைகள், மூத்தவள் என்ன படிக்கிறாள் என்று விடாமல் கேட்டார். கதவு திறக்கும் சத்தம் போனில் கேட்கும்வரை நிறுத்தவில்லை. முதலாளி வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். நானும் நின்றேன். அந்த மனிதர் அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தது என் சோதனையால் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

சோதனை அத்தோடு நின்றது. போன் மேசை இருக்கட்டும் என்றார் முதலாளி. இனி செய்தி முதலில் சித்திக்கு மட்டும் வர வேண்டும், அவர் சொன்ன பிறகே மெக்கானிக்குகளுக்குப் போக வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, பெட்டியே ஒருநாள் இதையெல்லாம் கற்றுக்கொள்ளாதா என்று கேட்டார்.

கற்றுக்கொள்ளாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது பொய். ஒவ்வொரு அழைப்புக்கும் காரணத்தை ஒரு வருடம் எழுதி வைத்தால், ஓரளவு கற்றுக்கொள்ளும் என்றேன். சித்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எழுதி முடிக்கிற வரைக்கும் சம்பளம் வருமில்ல?" என்றார் முதலாளியிடம். வரும் என்றார் அவர்.

"அப்போ எழுதறேன். என் கையெழுத்தைப் படிச்சுதுன்னா அது கெட்டிக்காரப் பெட்டிதான்."

சாயங்காலம் பேருந்து நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தார். சரியாகச் சொன்னேனா, கெடுத்துவிட்டேனா என்று கேட்க நினைத்தேன். அதற்குள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னார். வந்த பேருந்தில் ஏறிவிட்டார்.

நாளை எட்டரைக்குப் போய், பெட்டிகளின் செய்திப் பட்டியலிலிருந்து மெக்கானிக்குகளின் மூன்று எண்களையும் நீக்க வேண்டும். பிறகு தடிமனான பதிவேடு ஒன்றில் ஐந்து கட்டம் போட வேண்டும்: நேரம், கட்டடம், பெட்டி சொன்னது, சித்தி யாரிடம் கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள்.