இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு பிரேக் அதிகம் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொன்று. அந்த இரண்டாவது பிரேக்கை இருபத்தாறு வருடத்தில் ஏழே ஏழு தடவைதான் மிதித்திருக்கிறார் மாஸ்டர். அந்த ஏழும் எந்தெந்தத் தெருவில், யார் ஓட்டும்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவமானங்களை மனிதர்கள் அப்படித்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

"நான் மிதிச்சா வண்டி நிக்கும், சரி. உங்க கால் எப்பங்க கத்துக்கும்?" என்பது அவருடைய சித்தாந்தம். கற்றுக்கொள்ள வந்தவர் நிற்கிற பஸ்ஸின் பின்புறத்தை நோக்கி வெகு நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார். மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, "பிரேக்... பிரேக்குங்க... மெதுவா..." என்று குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொல்வார். முகத்தில் சிரிப்பு மாறாது. காலுக்குக் கொடுக்காத வேலையைத் தாடை எடுத்துக்கொள்ளும். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும். ஒரு நாளைக்கு எட்டு வகுப்பு, வகுப்புக்கு இருபது தடவையாவது நெரித்தால் கருங்கல்லே தேய்ந்துவிடும், பல் எம்மாத்திரம்?

தேய்ந்தது அவருக்குத் தெரியாது. வலது பக்கம் வலித்தது மட்டும் தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காது வரைக்கும் ஒரு கம்பி இழுத்தது. மாஸ்டர் டாக்டரிடம் போகிற ஆளா? கிராம்பை வைத்தார். உப்புத் தண்ணீரில் கொப்புளித்தார். அதற்கும் அடங்காமல், வலி மாத்திரையைப் பொடி செய்து ஈறில் அப்பிக்கொண்டார். முழுங்க வேண்டியதை அப்பினால் என்ன ஆகும்? ஈறு வெந்து வெள்ளையாக உரிந்தது. ஒரு வலிக்கு இரண்டு வலி.

"பேசாம புடுங்கிட வேண்டியதுதான்" என்றார் மனைவியிடம்.

"புடுங்குவீங்க, புடுங்குவீங்க. இடது பக்கம் ஏற்கெனவே ரெண்டைப் புடுங்கிட்டு வந்த மகராசன்தானே!" என்றாள் அவள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இடது பக்கம் வலித்தபோது, ஒரு டாக்டரிடம் போய், பல்லைத் தொட்டுக்காட்டி, "இதுதான், எடுங்க" என்று உத்தரவு போட்டார் மாஸ்டர். அந்த டாக்டரும் எடுத்துவிட்டார். வலி அப்படியே இருந்தது. மறு வாரம் பக்கத்துப் பல்லைக் காட்டினார். அதையும் எடுத்த பிறகுதான் வலி போனது. இரண்டில் ஒன்று நிரபராதி. அன்றிலிருந்து மாஸ்டர் மெல்லுவதெல்லாம் வலது பக்கத்தில்தான். இதுவும் போனால் முன்பல்லால் முயல் மாதிரி கொறிக்க வேண்டியதுதான். வறுத்த கடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டு மெல்லாவிட்டால் அவருக்குச் சாயங்காலமே கிடையாது. அந்தப் பயம் உள்ளே இருந்தது. வெளியே சொன்னால் அவர் மாஸ்டர் இல்லையே.

"நானும் வர்றேன்" என்றாள் மனைவி. "டாக்டர்கிட்ட இன்னொண்ணும் சொல்லணும். ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. ரெண்டு வருஷமா நான் ஹால்ல படுக்கிறேனே, காத்து வாங்கவா?"

காற்று வாங்கத்தான் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கிளினிக் மாடியில் இருந்தது. சின்ன அறை, பச்சை நிற நாற்காலி, தலைக்கு மேல் வட்ட விளக்கு. பல் டாக்டர் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. மாஸ்டரைப் பார்த்ததும் அந்தக் கண்கள் ஒரு நொடி அசையாமல் நின்றன. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. படுக்கிற நாற்காலியில் படுக்காமல் உட்கார்ந்துகொண்டு கட்டளையிட்டார்.

"கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. புடுங்கிடுங்கம்மா. எனக்கு பத்து மணிக்கு கிளாஸ்."

"படுங்க மாஸ்டர். பாத்துட்டுச் சொல்றேன்."

மனைவி வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் தன் பெருமையை ஒருமுறை சொல்லி முடித்துவிட்டார். "என்கிட்ட கத்துக்கிட்டு வண்டி ஓட்டாதவங்க ஒருத்தர்கூட கிடையாதும்மா. ஒருத்தர்கூட!" டாக்டரம்மா "அப்படியா?" என்று மட்டும் கேட்டு, கண்ணாடிக் குச்சியை வாய்க்குள் விட்டார்.

மாஸ்டர் காட்டிய கீழ்ப் பல்லைக் குச்சியின் பின்பக்கத்தால் தட்டினார். ஒன்றுமில்லை. குளிரூட்டிய பஞ்சை வைத்தார். சாதாரணமாகச் சில்லென்றது, எடுத்ததும் போய்விட்டது. மேல் வரிசைக்குப் போனார். முதல் பல் சும்மா இருந்தது. அடுத்ததில் பஞ்சு பட்டதுதான் தாமதம், மாஸ்டரின் வலது கால் நாற்காலியின் கால்பலகையை ஓங்கி மிதித்தது.

"கீழே இல்ல, மேலே" என்றார் டாக்டரம்மா. "மேல் பல்லு வலியைக் கீழே காட்டும். ஒரே நரம்போட கிளைங்க. நிறைய பேர் தப்பான பல்லைத்தான் காட்டுவாங்க."

"இடது பக்கமும் இவர் அப்படித்தான் கைகாட்டி ஒண்ணை பலி கொடுத்தாரு" என்றாள் மனைவி, நாலு வருட வயிற்றெரிச்சல் தீர. ராத்திரி நறநறவென்று கடிப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

சின்ன எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல் கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்புக்குப் பக்கத்தில் ஒரு விரிசல். உள்ளே நரம்பு வீங்கிக் கிடந்தது. "திறந்து, கெட்டுப்போன நரம்பை எடுத்துட்டு, வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சு, மேல கேப் போடணும். மூணு தடவை வரணும். ஆனா ஒண்ணு மாஸ்டர், விரிசல் எவ்வளவு ஆழம்னு திறந்தாதான் தெரியும். வேர்ல இறங்கியிருந்தா எடுத்துத்தான் ஆகணும். இல்லேன்னா காப்பாத்திடலாம்."

மாஸ்டர் பத்து மணி கிளாஸை மறந்துவிட்டார். "காப்பாத்துங்கம்மா" என்றார். அந்தக் குரல் மனைவிக்கே புதிதாக இருந்தது.

மரத்துப்போகிற ஊசி போடும் முன் டாக்டரம்மா சொன்னார்: "வலிச்சாலும் சரி, வாய் அலுத்தாலும் சரி, இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்."

தூக்குவாரா? ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் துணி மாட்டி, மெஷின் விர்ரென்று சுழல ஆரம்பித்ததும் மாஸ்டரின் இரண்டு கைகளும் தொடையைப் பிடித்த பிடி குரங்குப்பிடி. வலி இல்லை. ஆனால் எப்போது வலிக்குமோ என்கிற பயத்தில் உடம்பெல்லாம் விறைத்துக் கிடந்தது. பாவம், கடிப்பதற்கும் வழியில்லை, வாயை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். வலது கால் மட்டும் கால்பலகையை விட்டு விட்டு மிதித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கையைப் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்தார். அது மிதித்தபோதெல்லாம் மெஷினை நிறுத்தினார். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு முறை நின்றபோதும் மூச்சு இறங்கி வந்தது.

அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா நிமிர்ந்தார். "விரிசல் வேருக்குப் போகல. பல்லு உங்களுக்குத்தான்."

மாஸ்டரின் கண்ணோரம் ஈரமாகிவிட்டது. விளக்கு கூசுகிறது என்று கையால் மறைத்துக்கொண்டார்.

தற்காலிகமாக அடைத்து, நாற்காலியை நிமிர்த்தி, டாக்டரம்மா அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "பல்லு மேல்பக்கத்தைப் பாருங்க. மேடு பள்ளமே இல்ல, தரை மாதிரி இருக்கு. கன்னத்துக்கு உள்ளே வெள்ளைக் கோடு. தாடைச் சதை புடைச்சிருக்கு. இது ராத்திரி கடிச்சது மட்டும் இல்ல. பகல்லயும் கடிக்கிறீங்க."

"பகல்லயா? சேச்சே! யார் சொன்னா?" மரத்த உதட்டோடு மாஸ்டர் குழறினார்.

"யாரும் சொல்லல. பக்கத்துல உட்காந்து கேட்டிருக்கேன்." டாக்டரம்மா முகமூடியைக் கழற்றினார். "பன்னண்டு வருஷமாச்சு. காலேஜ்ல படிச்சிட்டிருந்தேன். காலை ஏழு மணி பேட்ச். பன்னண்டு நாள் வந்தேன்."

மாஸ்டர் உற்றுப் பார்த்தார். முகம் பிடிபட்டது. "ஓ! நீங்களா? சாயங்கால பேட்சுக்கு மாறிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்."

"மாறல மாஸ்டர், நின்னுட்டேன். நாலு ரோடு சேர்ற இடத்துல தண்ணி லாரி வந்துச்சு. எனக்குக் கை கால் ஓடல. நீங்க மிதிப்பீங்கன்னு உங்களைப் பாத்தேன். நீங்க சிரிச்சிட்டு உட்காந்திருக்கீங்க. உங்க தாடையிலேருந்து நறநறன்னு சத்தம் மட்டும் வருது. எப்படியோ நானே மிதிச்சுட்டேன். ஒரு சாண் இடைவெளியில நின்னுச்சு. 'பாத்தீங்களா, கால் கத்துக்கிச்சு'ன்னு கைதட்டினீங்க. வீட்டுக்குப் போய் ஜுரத்துல படுத்தேன். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடல. இன்னைக்கும் பஸ்லதான் வர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மாஸ்டர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். டாக்டரம்மா பல்லைப் பற்றிச் சொன்ன அதே நிதானத்தில் இதையும் சொன்னார். மாஸ்டர் எழுந்து, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, படியிறங்கி வந்தார். தெருவில் இறங்கியும் மனைவி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் அவருக்குத் தன் தாடைச் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் கேட்காத சத்தம் இப்போது காதைத் துளைத்தது. கடிக்காமல் இருக்கலாம் என்று வாயைத் திறந்து வைத்தால், ஓட்டுகிற ஆள் "என்ன மாஸ்டர், ஏதாவது சொல்றீங்களா?" என்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டு நேரே மரத்தின்மேல் விடப் பார்க்கிறார்!

இரண்டாவது தடவை வேரைச் சுத்தம் செய்தார்கள். ஊசி நன்றாகப் பிடித்திருந்தது, வலி துளிகூட இல்லை. பாதியில் மாஸ்டரின் இடது கை தொடையை விட்டு எழுந்தது. சட்டென்று எல்லாம் நின்றது. மெஷின் நின்றது, எச்சில் உறிஞ்சுகிற குழாய்கூட நின்றது.

"வலிக்குதா?"

மாஸ்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். ரப்பர் துணிக்குள்ளிருந்து, "தும்மா... நிப்பீங்களான்னு..." என்றார்.

"எத்தனை தடவை தூக்கினாலும் நிப்பேன்" என்றார் டாக்டரம்மா. காரணம் கேட்கவில்லை, அலுத்துக்கொள்ளவில்லை. மறுபடி மெஷின் ஓடியபோது மாஸ்டரின் தோள் இரண்டும் நாற்காலியில் தானாகப் படிந்தன. நிறுத்த ஒரு ஆள் இருந்தால் பயம் பாதியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். கொஞ்ச நேரத்தில் குறட்டைகூட விட்டார்.

மூன்றாவது தடவை கேப் வந்தது. பல் நிறத்திலேயே இருந்தது. டாக்டரம்மா அதைப் பொருத்தி, நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, உயரமாகப் பட்ட இடத்தைத் துளித் துளியாகத் தேய்த்துச் சரிசெய்தார். தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி நிற உறையும் கொடுத்தார். மனைவி அதை வாங்கி, நகையைப் போலப் பார்த்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ராத்திரிக்கு இது போதும். பகலுக்கு உறை கிடையாது மாஸ்டர். உதடு சேர்ந்திருக்கட்டும், பல்லு சேரக் கூடாது. திரும்ப அப்படியே நெரிச்சீங்கன்னா கேப்பும் உடையும், பக்கத்துப் பல்லும் போகும்."

"சரிம்மா" என்றார் மாஸ்டர். எழுந்திருக்கவில்லை. நாக்கால் புதுப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஞாயித்துக்கிழமை காலைல ரோட்டுல கூட்டம் இருக்காது. வாங்கம்மா. விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கலாம்."

டாக்டரம்மா சிரித்தபடி தலையை ஆட்டினார். "வேணாம் மாஸ்டர். பஸ் பழகிடுச்சு. எனக்கு இன்னும் அந்தப் பயம் போகல."

பயமா, பயந்தா வண்டி ஓடுமா என்கிற பதில் மாஸ்டரின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் சொன்ன பதில். அதை விழுங்கினார். வாசலில் நின்ற மனைவியை ஒருமுறை பார்த்தார், பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"எனக்கும் பயம்தாம்மா" என்றார். "தினமும். ஒவ்வொரு கிளாஸ்லயும். அன்னைக்கு அந்த லாரியைப் பாத்ததும் என் உசிரே போயிடுச்சு. காலைக் கொண்டுபோய் பிரேக் மேல வெச்சுட்டேன். மிதிக்கல. மிதிச்சா நான் பயந்தது உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு மிதிக்கல."

மனைவி உள்ளே வந்து அவருடைய தோளில் கையை வைத்தாள். இந்த இரண்டு வருடமும் ஹாலில் படுத்துக்கொண்டு அவள் கேட்டது என்ன சத்தம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். கை கழுவினார். துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"எத்தனை மணிக்கு மாஸ்டர்?" என்று கேட்டார்.