இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

ஈஷ்பல் துப்பாக்கிக் கடைக்குள் கால் வைத்ததுமே கடைக்காரர் டூகல்ட் உள்ளே போய் அவள் கணவன் ருவாரியின் துப்பாக்கியை எடுத்து வந்து மேஜைமேல் கிடத்திவிட்டார். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். கன்னம் பதியும் இடத்தில் மட்டும் கட்டை மெருகேறி, விஸ்கி நிறத்துக்கு வந்திருந்தது. இருபது வருடம் ஒரே கன்னம் பதிந்த இடம்.

"எட்டு மாசமா வச்சிருக்கேன்மா. ஒரு பொட்டுத் துரு கிடையாது. கையெழுத்தப் போட்டு எடுத்துட்டுப் போ."

"எடுத்துட்டுப் போக வரல. மாத்த வந்திருக்கேன்" என்றாள் ஈஷ்பல்.

பின்னால் நின்ற ஃபின்லே தொப்பியைக் கழற்றப் போனவன் பாதியில் நிறுத்தினான். ருவாரியின் தம்பி, மலையில் அவனுக்கு உதவியாக வேலை பார்த்தவன். நாற்பது மைல் வேன் ஓட்டி அவளை இங்கே கூட்டி வந்தவன்.

"அண்ணி, என்ன பேசுறீங்க? அது அண்ணனோடது."

"தெரியும்டா. அதனாலதான் மாத்துறேன்."

க்ளென் டாராக் என்ற அவர்கள் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. மான் வேட்டைக்காரன் செத்தால் அவன் துப்பாக்கி அந்த மலையை விட்டுப் போகாது. அவன் ரத்தத்தில் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். ருவாரியின் துப்பாக்கிகூட அவன் சித்தப்பாவுடையது. அதை விற்பது என்றால் ஆளையே விற்ற மாதிரி. போலீஸ் லைசென்ஸ் படிவத்தை ஈஷ்பலுக்காக நிரப்பிய ஃபின்லே அவளைக் கேட்காமலே ருவாரியின் தோட்டா அளவை, 'டூ செவன்டி', அதில் எழுதியிருந்தான். வேறு எதையும் அவள் வாங்குவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஆகவே அவள் எதை எடுத்தாலும் டூ செவன்டியாகத்தான் இருக்க வேண்டும். அந்த மட்டும் அவள் கை கட்டப்பட்டிருந்தது.

ஜனவரிக் கடைசியில், இரண்டு பெண்மான்களைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு ருவாரி ஆற்றைக் கடந்தான். குதிரை கரையேறியது. அவனை மூன்றாம் நாள் பாலத்துக்குக் கீழே கண்டெடுத்தார்கள். வீடு, ருவாரி மான் வேட்டைக்காரனாக வேலை பார்த்த எஸ்டேட்டுடையது, வேலை போனால் வீடும் போகும். நவம்பர் முடிவதற்குள் காலி செய்யும்படி மேனேஜர் ஹெப்பர்ன் மரியாதையாகத்தான் கடிதம் எழுதினார். ஈஷ்பல் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அவர் ஆபீசுக்குப் போய், "ருவாரி வேலைய எனக்குக் குடுங்க" என்றாள்.

ஹெப்பர்ன் சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். "வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை. இரும்புக் கலைமான். மூணு குண்டு. மூணும் ஒரு உள்ளங்கைக்குள்ள விழணும். அப்புறம் பேசலாம்" என்றார். பக்கத்தில் இருந்த குமாஸ்தாதான் சிரித்தான்.

அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. எஸ்டேட் மாளிகைக்குப் பின்னால் ஓடைக்கு அக்கரையில், நூறு கஜ தூரத்தில், கனத்த இரும்புத் தகட்டில் வெட்டிய கலைமான் ஒன்று நிற்கிறது. மலைக்குப் போகும் யாரும், லண்டனிலிருந்து வரும் பிரபுவானாலும் சரி, முதலில் அதைச் சுட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் சுடுவதற்கு முன்னால் அதற்கு வெள்ளை அடிப்பார்கள், குண்டு பட்ட இடம் ஈயக் கறையாகத் தெரிவதற்காக. கல்யாணமான புதிதில் ருவாரி விளையாட்டாக ஈஷ்பலைச் சுட வைத்தான். ஆறு குண்டு. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஓடைக்கரையில் யாரோ வைத்திருந்த தேநீர் ஃப்ளாஸ்க் மட்டும் தெறித்தது. இருபத்திரண்டு வருடமாக மதுக்கடையில் அந்தக் கதை அலுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நன்றாகச் சொல்கிறவன் ருவாரிதான்.

அவள் மான் குடலை எடுத்தாள், குதிரை ஓட்டினாள், பனியில் மந்தையை எண்ணினாள், காற்று எங்கே திரும்பும் என்று சொன்னாள். சுடுவதை மட்டும் மறந்துவிட்டாள். அவளுக்கு அது வராது என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள்.

இந்த வசந்தத்தில் எஸ்டேட்டுக்காக மான் கணக்கெடுக்கத் தனியாக மலையில் படுத்திருந்தபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ருவாரியின் பித்தளைத் தொலைநோக்கி தன்னால் இடது கண்ணுக்குப் போயிற்று. எப்போதும் அப்படித்தான் போகும், அன்றுதான் கவனித்தாள். இரண்டு கண்ணும் திறந்திருக்கக் கட்டை விரலை நீட்டித் தூரத்துக் கற்குவியலை மறைத்து, ஒரு கண்ணை மூடினாள், பிறகு மற்றதை. இடது கண்ணால் பார்த்தால் விரல் அசையவில்லை. வலது கண்ணால் பார்த்தால் விரல் அரை மலை தள்ளிப் போனது. அவளுக்குக் குறி பார்க்கும் கண் இடது. துப்பாக்கியை எல்லாரும் வலது தோளில் வைத்துத்தான் கொடுத்தார்கள். ஆளைத்தான் குறை சொன்னார்களே தவிர, தோளை மாற்றிப் பார் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவள் படுத்திருந்த புதருக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்து அழுதாள். செத்தவனுக்காகப் பாதி. அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி.

"இடது கைத் துப்பாக்கி இருக்கா?" என்று இப்போது டூகல்டிடம் கேட்டாள்.

டூகல்ட் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு இருக்கு. நீ பாத்தா சிரிப்ப."

பழைய துப்பாக்கி. யாரோ ஒரு பல் டாக்டர் வைத்திருந்தது. கட்டைக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தான் பாவி. அங்கங்கே உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட் இடது பக்கம். அளவு டூ செவன்டிதான்.

ஃபின்லே அதை வாங்கி வலது தோளில் வைத்து, போல்டை இழுக்கக் கையைக் குழலுக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோய்த் தடுமாறினான். "யாரு செஞ்சான் இத? கண்ணாடியில பாத்துச் செஞ்சானா? மனுஷன் எப்படிப் பிடிப்பான் இத?"

"இருபத்திரண்டு வருஷமா உங்க துப்பாக்கி எல்லாமே எனக்கு அப்படித்தாண்டா இருந்துச்சு. குடு இங்க."

இடது தோளில் வைத்தாள். கன்னம் போய் உட்கார்ந்தது. ஆனால் கட்டை நீளம். விரல் விசைக்கு எட்டி எட்டிப் போயிற்று.

"ஒரு அங்குலம் அறுத்துடுங்க."

"ஏம்மா, நல்ல வால்நட் கட்டைம்மா! பெயின்டுக்குக் கீழ பாரு. அறுத்தா பாவம்."

"நீங்க அறுக்கிறீங்களா, இல்ல ரம்பத்த எங்கிட்ட குடுக்கிறீங்களா?"

டூகல்ட் ஃபின்லேயைப் பார்த்தார். ஃபின்லே மீன் தூண்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவர் முனகிக்கொண்டே கட்டையை இடுக்கியில் மாட்டினார்.

அறுத்து முடித்ததும், துப்பாக்கிமேல் பூட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப் பெட்டிகள் வந்தன. டூகல்டுக்கு இப்போது உற்சாகம் திரும்பிவிட்டது. "இது புதுசு. மூணு மடங்குலருந்து ஒன்பது மடங்கு வரைக்கும் திருகலாம். லண்டன்காரங்க எல்லாம் இதத்தான் கேக்கிறாங்க."

ஈஷ்பல் மூன்று ஸ்கோப்பையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நாலு மணி, மழை தூறி, வெளிச்சம் சாயம் போயிருந்தது. தெருக்கோடியில் பாலத்தின் வளைவுக்கு அடியில் இருட்டு. அதற்குள் சுவரில் பதித்த ஒரு கல். ஒவ்வொன்றாக இடது கண்ணில் வைத்து அந்தக் கல்லையே பார்த்தாள். வழியில் போன பாதிரியாரின் மனைவி குடையைத் தாழ்த்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கினாள்.

ஃபின்லேயும் வந்து ஒன்றை வாங்கிப் பார்த்தான். "ஒன்பதுல வச்சா எவ்வளவு பெருசாத் தெரியுது அண்ணி! இதையே எடுங்க."

"பெருசாத் தெரியுது, கூடவே ஆடுது, இருட்டுது. மானோட கண்ணிமை மயிரையா எண்ணப் போறேன்? எது அதோட தோள், எது அதுக்குப் பின்னால நிக்கிற குட்டின்னு தெரிஞ்சாப் போதும்."

மூன்றாவது, பழசு. ஆறு மடங்கு, கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மேல்பூச்சுக் கீறியிருந்தது. ஆனால் அதில் பார்த்தபோது இருட்டுக்குள்ளிருந்த கல்லில் செதுக்கியிருந்த வருடம் தெரிந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் அவள் பேரம் பேசவில்லை.

அதோடு முடியவில்லை. டூகல்ட் அவளை நிற்க வைத்து அளவு பார்த்து ஸ்கோப்பைப் பூட்டப் போனார். "நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஈஷ்பல் கடைத் தரையில், கால்மிதியின்மேல், கவிழ்ந்து படுத்தாள். கம்பளிப் பாவாடை, நல்ல கோட்டு, எல்லாம் தரையில். மலையில் யாரும் நின்றுகொண்டு சுடுவதில்லை. படுத்தால் கழுத்து முன்னால் போகும், ஸ்கோப் புருவத்துக்கு அருகில் வரும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது வளையம் புருவத்தைப் பிளந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கட்டையில் கன்னத்தை வைப்பாள், கண்ணைத் திறப்பாள், வட்டம் முழுசாகத் தெரிகிறதா என்று பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் முன்னால. இன்னும். ம்... திரும்ப ஒரு நூல் பின்னால."

அப்போது மீன்பிடிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். தரையில் கிடந்த பெண்ணையும் துப்பாக்கியையும் பார்த்தார்.

"பயப்படாதீங்க, தாண்டி வாங்க. துப்பாக்கியில தோட்டா இல்ல" என்றாள் ஈஷ்பல் தலையைத் தூக்காமல். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

"ஒரு வாடிக்கையாளரத் தொலைச்சிட்டம்மா" என்றார் டூகல்ட். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது ஃபின்லே வேனை இருபது மைல் விரட்டினான். பிறகு, "ஊர்ல என்ன சொல்வாங்க தெரியுமா?" என்றான்.

"சொல்லட்டும்."

"அண்ணன் இருந்தா..."

"உங்கண்ணன் இருந்தா ஃப்ளாஸ்க் கதைய இன்னொரு தடவ சொல்லிச் சிரிச்சிருப்பான். நல்லவன்தான். எனக்கு அவன்தான் எல்லாம். ஆனா அதுல அவன் பண்ணது தப்பு. செத்துட்டாங்கிறதுக்காக அது சரியாயிடாது." கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு, "அவனோட துப்பாக்கி உனக்கு வேணும்னா லைசென்ஸ மாத்தி எழுதி நீ வாங்கிக்க. டூகல்ட்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், வேற ஆளுக்குத் தரமாட்டார்" என்றாள். ஃபின்லே கியரை மாற்றினான்.

அடுத்த பத்து நாளும் பழைய கல்குவாரியில் அட்டைப்பெட்டிகளைச் சுட்டாள். தோள் கருநீலமாகக் கன்றிப்போயிற்று. முதல் நாள் பெட்டியில் பட்டது. நான்காம் நாள் பெட்டியில் எழுதியிருந்த ஒரு எழுத்தில் பட்டது.

சனிக்கிழமை காற்று மேற்கிலிருந்து வெட்டி வெட்டி அடித்தது. ஹெப்பர்ன் மழைக்கோட்டோடு நின்றார். சமையல்காரி, தோட்டக்காரன், அந்தக் குமாஸ்தா எல்லாரும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி வெளியே வந்திருந்தார்கள். ஃபின்லே அக்கரைக்குப் போய் இரும்பு மானுக்கு வெள்ளை அடித்துவிட்டுத் திரும்பினான்.

"ஃப்ளாஸ்க எல்லாம் உள்ள எடுத்து வச்சாச்சா?" என்றான் குமாஸ்தா.

"உன்னோடத மட்டும் வெளிய வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஈஷ்பல் ஈரப் புல்லில் படுத்தாள்.

பச்சைத் துப்பாக்கியைக் கண்டு யாரோ களுக்கென்றார்கள். அவள் காற்று தணியக் காத்திருந்தாள். எதிரே புல் படுத்து, எழுந்து, மறுபடி படுத்தது. எழுந்த நேரத்தில் மூச்சைப் பாதி விட்டு விசையை அழுத்தினாள். இரும்பு கணீரென்றது. போல்டை இழுத்தாள். இரண்டாவது. போல்ட். மூன்றாவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். காற்று விடுவதாக இல்லை. "குளிருதும்மா" என்றாள் சமையல்காரி. ஈஷ்பல் அசையவில்லை. கடைசியில் சுட்டாள்.

ஹெப்பர்ன் தொலைநோக்கியைக் கீழே இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஃபின்லே ஓடையைத் தாண்டி ஓடினான். மானின் தோளுக்குப் பின்னால் தன் கையை விரித்து வைத்தான். அங்கிருந்தே கத்தினான். காற்றில் பாதிதான் கேட்டது.

"...மூணும் மறைஞ்சு போச்சு, சார்!"

ஹெப்பர்ன் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்லாச் சுட்டீங்க, மிஸஸ் மக்கஸ்கில். உண்மையாவே. இரும்பு நிக்கும், மான் நிக்காது, அதையும் பாக்கணும். இப்படிச் செய்வோம். இந்த வேட்டைப் பருவத்துக்கு ஃபின்லே தலைமை. நீங்க கூடப் போங்க. வீட்ட பிப்ரவரி வரைக்கும் வச்சுக்கங்க. அப்புறம் பாக்கலாம்."

ஈஷ்பல் எழுந்தாள். முட்டியில் சேறு. போல்டைத் திறந்து தோட்டா அறை காலிதானா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"மூணு குண்டு ஒரு உள்ளங்கைக்குள்ளன்னு சொன்னீங்க. நாலாவதா ஒரு நிபந்தனை சொல்லவே இல்ல."

"அது சரி, ஆனா..."

"ருவாரிய வேலைக்கு எடுத்தப்ப எத்தன குண்டு கேட்டீங்க?"

"மூணு."

"எத்தன மாசத்துக்கு எழுதினீங்க?"

ஹெப்பர்ன் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுதியது அவர் அப்பா என்றாலும் ஏட்டை அவர் பார்த்திருக்கிறார். ருவாரி உயிரோடு இருக்கிற வரைக்கும் என்று எழுதியிருந்தது.

"அப்படியே எனக்கும் எழுதுங்க. அதே சம்பளம், அதே வீடு. முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க. புதன்கிழம பருவம் தொறக்குது, அறுபது பெண்மான் சுட்டு இறக்கணும், எந்தப் பள்ளத்துல எத்தன நிக்குதுன்னு இந்த மலையில எனக்குத்தான் தெரியும். வேற ஆளத் தேடிக்கங்க."

ஃபின்லே மூச்சிரைக்க ஓடையைத் தாண்டி வந்திருந்தான். கையெல்லாம் சுண்ணாம்பு. ஹெப்பர்ன் அவன் பக்கம் திரும்பினார். "ஃபின்லே, நீ என்ன சொல்ற?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைக்கும் என்று அவனும் எட்டு மாதமாக நினைத்திருந்தான். எல்லாருக்கும் தெரியும்.

"எனக்குக் குதிரைதான் சார் நல்லா வரும்" என்றான் கடைசியில். அது பொய்.

ஹெப்பர்ன் கோட்டுப் பையில் பேனாவைத் தேடினார். குமாஸ்தா ஏட்டை எடுத்து வர உள்ளே ஓடினான்.

"புதன்கிழம காலையில ஆறு மணி" என்றாள் ஈஷ்பல் ஃபின்லேயிடம். "அஞ்சு நிமிஷம் தாமதிச்சாலும் நான் போய்க்கிட்டே இருப்பேன்."