இன்னொரு கையின் அழுத்தம்

பயிற்சி மையத்தில் மகள் வரைந்தது என்று மனைவி நீட்டிய தாளை அவர் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். ஒரு வீடு, பக்கத்தில் ஒரு மரம். கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வயதாகியும் ஒரு ஸ்பூனைச் சேர்ந்தாற்போல் பத்து விநாடி பிடிக்க முடியாத விரல்கள் இதைப் போட்டன என்றால் யார் நம்புவார்கள்? அவர் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் வங்கியில் அவருக்குச் சம்பளமே. இருபது வருடமாகக் கையெழுத்துச் சரிபார்க்கும் வேலை. உண்மையாகவே நடுங்கும் கையையும் நடுங்குவதுபோல் நடிக்கும் கையையும் பிரித்துச் சொல்லிவிடுவார். திருப்தியானால் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்பார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். ஆரம்பத்தில் மெலிந்திருந்த கோடு பாதியில் திடீரென்று அழுந்தியிருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் அதே கதை.

"இது ஒரு கை போட்டதில்ல. பாதிக்கு மேல இன்னொரு கை பிடிச்சு இழுத்திருக்கு."

"டீச்சர் கையே வைக்க மாட்டாங்களாம். எல்லாம் அந்தப் பட்டையாலதானாம்."

"நீ கண்ணால பார்த்தியா?"

"உள்ள விடமாட்டாங்க. பெத்தவங்க நின்னா பிள்ளைங்க அவங்க மூஞ்சியவே பார்த்துட்டு இருக்குமாம்."

உள்ளே விடமாட்டார்கள் என்ற ஒரு வார்த்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பட்டையில் அப்படியொன்றும் மாயம் இல்லை. உள்ளங்கையைச் சுற்றி ஒட்டும் நீலப் பட்டை, அதில் கிரேயானைச் செருக ஒரு சின்ன உறை. பிடிக்க முடியாத கைக்குப் பதிலாக அது பிடித்துக்கொள்ளும். வீட்டிலும் தினமும் மாட்டிவிட்டுப் பார்த்தார். தாளைத் தட்டிவிடாதபடி குழந்தையின் இடக்கையைத் தானே பொத்திப் பிடித்துக்கொண்டு, "போடு கண்ணு" என்பார். வலக்கை ஒரு விரற்கடை நகரும், நின்றுவிடும். குழந்தை அவர் முகத்தைப் பார்க்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் படிவம் கொடுக்க வேண்டும். 'பட்டையின் உதவியுடன் தானாக எழுதுவாள்' என்ற வரிக்குக் கீழே தகப்பன் கையெழுத்து. வகுப்பில் பின்னாலிருந்து கை பிடிக்க யார் வருவார்கள்? நாற்பது பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் குழந்தை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே மடித்து வைத்தார்.

வீட்டில் மூச்சு விடாமல் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, படிவத்தோடு பயிற்சி மையத்துக்குப் போனார். கதவில் முகமளவு கண்ணாடி. திருடனைப் பிடிக்க வந்தவர் திருடன் மாதிரியே எட்டிப் பார்த்தார்.

டீச்சர் அறையின் மறுகோடியில் வேறொரு குழந்தைக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் தனியாக இருந்தாள். வலக்கை ஒரு விரற்கடை நகர்ந்தது, நின்றது. அவ்வளவுதான் என்று அவர் நினைத்தபோது இடக்கை எழும்பியது. வழுக்கி மேசையில் விழுந்தது. மறுபடி எழும்பி வலக்கையின்மேல் வந்து உட்கார்ந்து, அழுத்தி, அதைத் தள்ளிக்கொண்டு போனது. நாக்கைத் துருத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் மரத்தை வரைந்துகொண்டிருந்தாள்.

அவர் கண்டுபிடித்த இன்னொரு கை அதுதான். வீட்டில் தினமும் அவர் பொத்திப் பிடித்திருந்த கை. வெட்கத்தில் காது சுட்டது. அப்படியும் பழக்கதோஷம் விடவில்லை. இன்றைக்கு மட்டும் இப்படியோ என்று தோன்ற, கதவைத் தள்ளினார்.

"சார், நீங்க வெளிய..."

"ஒரே நிமிஷம்மா."

படிவத்தைப் பின்பக்கம் திருப்பி மகள் முன்னால் வைத்தார். கிரேயானை எடுத்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை உறையில் செருகினார்.

"அப்பாவோட பென்சிலா?"

"ஆமா. இதுல ஒரு கோடு போடு பார்க்கலாம்."

வலக்கை நகர்ந்தது, நின்றது. இடக்கை எழும்பித் தாளின் ஓரத்தைத் தட்டியது. அவர் கை தன்னால் அதைப் பிடிக்க நீண்டது.

"அந்தக் கைய விட்டுடுங்க சார்" என்றாள் டீச்சர்.

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இடக்கை மறுபடி எழும்பி, தவறி, மேசையில் விழுந்தது. மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை அது வலக்கையின்மேல் வந்து உட்கார்ந்தது. சிவப்பு முனை நகரத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் அவருடைய கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.