அப்பா மாற்றிப் போட்ட ஒயர்

அவள் கூடத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். கருகிய வாடை போகவில்லை. கட்டிலில் அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்த அத்தை, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோனாயா என்று கேட்டாள். இல்லையென்று அவள் தலையசைத்தாள்.

மேசைமேல் மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்பு உதிரிப் பாகங்கள் கொண்ட கிட்டாக வாங்கி அப்பாவே பற்றவைத்துக் கட்டியது. அம்மா அதைச் சக்களத்தி என்பாள். பல வருடங்களாகப் பரணில் இருந்தது. படுக்கையில் விழுந்தபின் அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. “அது ஒருதடவ பாடிக் கேக்கணும்மா” என்றார்.

அதில் பெயரே இல்லை. போர்டிலிருந்த எண்ணைக்கொண்டு இணையத்தில் தேடி, எந்த கிட் என்று கண்டுபிடித்தாள். அதன் வரைபடமும் கிடைத்தது. உப்பிப்போன கப்பாசிட்டர்களை மாற்றினாள். டிரான்ஸ்ஃபார்மரின் ஒயர்கள் மட்டும் படத்தில் இருந்தபடி இல்லை. குறைந்த வோல்டேஜ் முனையில் இருந்தன. அப்பா தவறாக இணைத்திருக்கிறார் என்று நினைத்தாள். படத்தில் இருப்பதுபோல் மாற்றிவிடட்டுமா என்று அவரிடமே கேட்டாள். தலையாட்டினார். மாத்திரை மயக்கத்தில் அவர் எதற்கும் தலையாட்டுவார். அது அவளுக்குத் தெரியும்.

இன்று காலை, மின்சாரம் மட்டாகப் போகும்படி நடுவில் ஒரு குண்டுபல்பை இணைத்துச் சோதித்தாள். பிழை தெரியவில்லை. பல்பை எடுத்துவிட்டு நேராகப் போட்டாள். ஒரு பாட்டின் முதல் வரி வந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். ‘டப்’ என்றது. புகை.

“ஒயர மாத்தினியா?”

“ஆமாப்பா.”

“கிட்ல வந்த டிரான்சிஸ்டர் அப்பவே போச்சு. கிடைச்சதப் போட்டேன். அது அவ்வளவு வோல்டேஜ் தாங்காதுன்னுதான்...”

திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “ஒரு பக்கந்தான்பா போயிருக்கு. இன்னொரு பக்கம் பாடும்” என்றாள். இன்னொருமுறை சொல்லிவிட்டுத்தான் எழுந்துபோய் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

மதியம் அண்ணன் குளிர்பெட்டியோடு வந்தான். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டான்.

“ஒண்ணும் சொல்லல.”

பெட்டியின் ஒயர் ஆம்ப்ளிஃபயர் செருகியிருந்த பிளக் பாயிண்டைத் தவிர வேறெங்கும் எட்டவில்லை. அம்மா மேசைப்பக்கம் பார்க்காமலே சொன்னாள். “அந்தச் சக்களத்தியப் பிடுங்கிட்டுப் போடுடா.”

அண்ணன் பிடுங்கிய பிளக்கை அவள் கையில் கொடுத்தான். பெட்டி ஒருமுறை உதறிவிட்டு, ஒரே சீராக இரையத் தொடங்கியது. எல்லோரும் அப்பாவைத் தூக்கக் குனிந்தார்கள். அவள் பிளக்கைப் பிடித்தபடி நின்றாள்.