இடது ஓரத்து எழுத்துகள்

விபத்து நடந்து பதினோரு நாள், மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. விசாரணைக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அண்ணன் குளித்து, ஓட்டுநர் சீருடையை மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு வாசி," என்றார். "கேட்டுட்டுக் கிளம்பறேன்."

தங்கை லூட்டை எடுத்து மடியில் வைத்தாள். பேரிக்காயைப் பாதியாக நறுக்கிக் கழுத்து வைத்தது போன்ற வாத்தியம். நானூறு வருடத்துக்கு முன்னால் அரண்மனைகளில் வாசித்தது. நகரப் பேருந்து ஓட்டுகிற ஆளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டிப்போவில் கேட்காதவர்கள் இல்லை. ஒருநாள் வானொலியில் கேட்டார், பைத்தியம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். விரல் தடிமன், அவருக்கு வாசிக்க வராது. ஆகவே சேகரித்தார். எங்கெங்கோ நூலகங்களில் கிடக்கும் கையெழுத்துப் புத்தகங்களின் படங்களைக் கணினியில் தேடிப் பிடித்து, பென்சிலால் நோட்டில் எழுதுவார். மூலத்தில் மை ஊறி எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அண்ணன் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். பதினாறு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. சேர்ப்பது அவர், வாசிப்பது இவள்.

படிக்கக் கஷ்டமில்லை. ஆறு கோடு, ஆறு ஜோடித் தந்தி. வாத்தியக் கழுத்தில் எந்த மெட்டுக்கட்டையில் விரல் வைக்க வேண்டும் என்று கோட்டின் மேல் ஓர் எழுத்து சொல்லும். எழுத்து விட்டுப்போனால் விரல் சும்மா நிற்கும்.

நாலு மாதமாக எழுத்துகள் விட்டுப்போய்க்கொண்டிருந்தன.

முதலில் வரிக்கு ஓர் எழுத்து. அந்த வாரம் அண்ணனுக்குத் தலைவலி, ஒருநாள் லீவு போட்டுப் படுத்திருந்தார். அவசரத்தில் விட்டிருப்பார் என்று நினைத்தாள். பல வருடம் முன்னால் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி, ஒரு மாதம் அவர் பென்சிலைத் தொடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது நினைவில் இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற வாயும் இல்லை அவளுக்கு. அண்ணன் அவளைக் கூப்பிடுவதே ஊமைக்கோட்டான் என்றுதான். விட்டுப்போன இடத்தில் பொருத்தமாக எதையோ போட்டு வாசித்தாள்.

அண்ணன் துள்ளி எழுந்தார். "கேட்டியா அந்த இடத்தை? என்னமா யோசிச்சிருக்கான் பாவி!"

நானூறு வருடத்துக்கு முன்னால் செத்தவனுக்குப் போன அந்தப் பாராட்டு அவளுடையது. அப்படி யாரும் அவளைப் பாராட்டியதில்லை. அடுத்த பக்கம் வந்தபோது முதலில் ஓட்டையைத்தான் தேடினாள்.

ஓட்டைகள் பெரிதாயின. ஓர் எழுத்து இரண்டாகி, பிறகு வரியின் முதல் கட்டமே காணாமல் போனது. எல்லாம் இடது ஓரத்தில். அண்ணன் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். இடப்பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரே பிசகு மூன்று தரம் ஒரே பக்கம் வந்தால் அது தற்செயல் இல்லை, அதற்குக் காரணம் உண்டு என்பதைத் தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் குறையில்லாமல் வாசித்ததால் அவர் தான் குறையில்லாமல் எழுதுவதாக நம்பினார்.

பிறகு, காலை ஐந்தரை மணிக்கு, பேருந்து இடப்பக்கம் திரும்பியது. இரவு வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காவலாளி சக்கரத்தடியில் போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை.

கம்பெனி டாக்டர் சுவரில் எழுத்து அட்டையை மாட்டினார். அண்ணன் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். கண் பழுதில்லை, சைக்கிள்காரர்தான் கண்மூடித்தனமாக வந்து விழுந்திருக்கிறார் என்று பேச்சாகிவிட்டது. இன்று மதியம் அதை எழுதி முத்திரை குத்திவிட்டால் திங்கட்கிழமை அண்ணன் மறுபடி பேருந்தை எடுப்பார். பழி செத்தவர் தலையில் நிற்கும்.

"என்ன, தந்தியைத் தடவிட்டே இருக்க? பத்து நிமிஷம் சுருதி கூட்டணும், அஞ்சு நிமிஷம் வாசிக்கணும். நல்ல வாத்தியம்தான் பிடிச்சேன் போ," என்றார் அண்ணன்.

கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தாள். எழுதியிருந்ததை மட்டும் வாசித்தாள். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் கையை எடுத்துவிட்டு, நாலு எண்ணிக்கை சும்மா இருந்தாள். மூன்றாம் வரியிலும் அப்படியே.

"ஏன் விட்டு விட்டு வாசிக்கிற?"

"இங்க ஒண்ணும் எழுதலண்ணா."

"எழுதலையா? ஒழுங்காப் பாருடி."

நோட்டைக் கொடுத்தாள். பார்த்தார். "எல்லாம் இருக்கே." அவள் கணினியில் மூலத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அவர் அதையும் பார்த்தார். அவள் அவருடைய தாடையைப் பிடித்து முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். அப்போதுதான் கண்டார். வரிக்கு வரி வெள்ளைக் காகிதம்.

இடது கையை நீட்டி, நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலை இடப்பக்க ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவந்தார். விரல் மூக்குக்கு நேராக வந்த பிறகே கண்ணில் பட்டது, நிறுத்தினார். இன்னொரு தரம் செய்தார். அதே இடம்.

"அந்த ஆளு எனக்கு இந்தப் பக்கந்தான் வந்தாரு," என்றார்.

அவள் தலையசைத்தாள்.

"மத்த பக்கமெல்லாம்? அதுலயும் இப்படியா?"

"அதுல அப்படி ஒண்ணும் பார்க்கல," என்றாள். பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. "இதை இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"நல்லவேளை. இன்னைக்காவது பார்த்தியே."

பகல் ஒரு மணிக்கு வெளியே தொழிற்சங்கத்துக்காரரின் கார் ஹாரன் அடித்தது.

"வாங்க பாட்டுக்காரரே," என்று கதவைத் திறந்துவிட்டார் சங்கத்துக்காரர். "கேட்டதுக்கு மட்டும் பதில். ‘திடீர்னு வந்தாரு, பிரேக் போட்டேன்.’ அவ்வளவுதான். வள்ளல் மாதிரி வார்த்தையை அள்ளி விடாதீங்க. தங்கச்சியப் பார்த்துக் கத்துக்கங்க, அது வாயத் திறந்து நான் பார்த்ததே இல்ல."

வழி முழுக்க அவரே பேசினார். அண்ணன் காரின் இடப்பக்க ஜன்னலையே திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

விசாரணை அறையில் நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், டக்டக்கென்று சத்தம் போடும் மின்விசிறி. அதிகாரி கண்ணாடி போட்ட அம்மாள். எதிர்வரிசையில் காவலாளியின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். தங்கைக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

"நீங்க முதல்ல சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

"பதினெட்டு வருஷமா அதே ரோட்டுல போறவருங்க," என்றாள் காவலாளியின் மனைவி. "ஓரத்தை விட்டு வரமாட்டாரு. பயந்த சுபாவம். அவரு குறுக்க விழுந்தாருன்னு சொல்றாங்க. அதை மட்டும் எழுதாதீங்க."

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "சைக்கிள் எங்கேர்ந்து வந்தது?"

"எனக்குத் தெரியாதுங்க." அண்ணன் எழுந்து நின்றார். "நான் பார்க்கவே இல்ல. இடப்பக்கம் எனக்குக் கண்ணு தெரியல. அவரு ஓரமாத்தான் போயிருப்பாரு."

சங்கத்துக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

"எப்பலேர்ந்து?"

"எப்பலேர்ந்துன்னு தெரியல. காலையிலதான் தெரிஞ்சுது."

"வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"வீட்டுல நானும் இவளுந்தான். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்க்கறவ. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சாவியைப் பிடுங்கி வச்சிருப்பா."

அண்ணன் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவளைக் காப்பாற்றச் சொன்னதில்லை அது. நம்பித்தான் சொன்னார்.

அதிகாரி எழுதினார். காவலாளியின் மனைவி அண்ணனைப் பார்த்தாள், பிறகு சங்கத்துக்காரரை, பிறகு பின்வரிசையை. அழவில்லை. புரியாத கணக்கைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப இது யாருக்குமே தெரியாதுங்களா?"

தங்கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அண்ணன் திரும்பினார், அவள் நின்றது அவருடைய இடப்பக்கம் என்பதால் முழுக்கத் திரும்ப வேண்டியிருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள். குரல் யாருக்கும் எட்டவில்லை. மறுபடி சொன்னாள். "எனக்கு நாலு மாசமாத் தெரியும்."