டாக்டர் வாயிலிருந்து வரவேண்டிய சொல்

1
இந்தக் கதை என் சரக்கு இல்லை. சாப்பிடும்போது தங்கை புலம்பியதிலிருந்து சுட்டது. அவள் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் கோடர். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுவது அவள் வேலை. எழுதாததைப் போட்டால் வேலை போய்விடும்.

2
நோயாளி அவளுடைய மாமனார்— (வேண்டாம், சினிமாவாகிவிடும்.)

நோயாளி ஒரு தையல்காரர். மெஷினில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சாய்ந்தவர். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு வழியில் தடைபடுகிறது. இப்போது இதயத்தைத் துடிக்கவைக்கும் தற்காலிகக் கம்பி ஒன்றின் தயவில் மூன்றாம் மாடியில் கிடக்கிறார். டாக்டரோ 'ஹார்ட் பிளாக்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதில் மூன்று நிலைகள், டாக்டர்கள் பாஷையில் டிகிரிகள், உண்டு. எந்த நிலை என்று டாக்டர் எழுதாமல் இன்சூரன்ஸ்காரர்கள் பேஸ்மேக்கருக்குத் தலையாட்ட மாட்டார்கள்.

3
தங்கை டாக்டருக்குக் கேள்வி அனுப்பினாள். அதிலும் ஒரு கட்டுப்பாடு: கேள்விக்குள் பதிலைத் திணிக்கக் கூடாது. முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, வேறு, தீர்மானிக்க இயலவில்லை என எல்லாவற்றையும் சமமாக வைத்துத்தான் கேட்க வேண்டும்.

பதில் வந்தது: 'ஈசிஜி பார்க்கவும்.'

பார்த்தாள். மேலறையும் கீழறையும் பேச்சை நிறுத்திவிட்ட சம்பந்திகள் மாதிரி தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நிலைதான். ஆனால் அவள் பார்த்தது கணக்கில் சேராது.

(இங்கே எனக்கே தலை சுற்றுகிறது. தெரிந்தவள் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் சொல்ல மாட்டேன் என்கிறார். இதில் யாரைத் திட்டுவது?)

4
போன் போட்டாள்.

"டாக்டர், எந்த டிகிரின்னு நீங்கதான் எழுதணும்."

"அதான் ஈசிஜி இருக்கேம்மா. பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் டாக்டர்."

"என்ன இருக்கு? சொல்லுங்க, அப்படியே போட்டுடறேன். ஆபரேஷன் தியேட்டர்ல எனக்காகக் காத்துட்டிருக்காங்க."

சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இன்றே அனுமதி கிடைத்துவிடும். தான் பார்த்தது தப்பாக இருந்துவிட்டால்? அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்புறம் என்ன சொன்னே?" என்றேன்.

"நீதானே அண்ணா கதை எழுதுறே? நீயே சொல்லு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

5
முடிவு ஒன்று: அவள் மெதுவாக— (இல்லை.)

முடிவு இரண்டு: மறுநாள் தையல்காரர்— (கை வரவில்லை.)

எனக்குப் பிடித்த முடிவு ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் உங்கள் வாயில் திணித்ததாகிவிடும். ஆகவே முறைப்படி கேட்கிறேன். டாக்டர் இன்னும் லைனில் இருக்கிறார். அவள்,

அ) சொன்னாள்
ஆ) சொல்லவில்லை
இ) வேறு
ஈ) தீர்மானிக்க இயலவில்லை

மூன்றாம் மாடியில் தையல்காரர் காத்திருக்கிறார். தயவுசெய்து, 'கதையைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.